செவ்வரத்தைக்குப் போர்த்திய சீலைகள்

செத்துப்போன ஒருவரின் உடுப்புகளை, கட்டாடியார் இல்லாத ஊரில் யாரிடம் கொடுப்பது, சொல்லுங்கள் பார்ப்போம்?

ஊரிலென்றால் இதற்கெல்லாம் மண்டையைப் போட்டு உடைக்க வேண்டியதில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு உடுப்பு வெளுக்கிற கட்டாடியார் வருவார், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டிப் போவார், வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்கள், அதோடு சரி. ஆனால் துஷ்யந்தி இருந்தது கனடாவில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே, குதிரை லாடம் போல வளைந்த ஒரு சின்னத் தெருவில், பதினாலு வீடுகள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில். அதில் ஒன்பது வீட்டில் எங்கள் சனம். சாத்திரம் பார்க்க ஆளுண்டு, பிட்டு அவித்து விற்க ஆளுண்டு, தாலி செய்யவும் ஆளுண்டு. செத்தவரின் உடுப்பை வாங்கிக்கொண்டு போக மட்டும் ஆளில்லை.

செத்தது துஷ்யந்தியின் மச்சாள், அதாவது புருசன் ரூபனின் தமக்கை தவமலர். ஆவணிக் கடைசியில், பாண் சுடுகிற தொழிற்சாலையில், இடைவேளைக்கு இருந்த கதிரையிலேயே, கையில் பிடித்த தேத்தண்ணி ஒரு துளி சிந்தாமல் போய்ச் சேர்ந்தா. தவமக்கா என்றால் அந்த வளைவில் தெரியாதவர் இல்லை. பதினொரு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு விமானத்தால் வந்து இறங்கினவ. அவனைப் படிப்பிக்க இரவு வேலைக்குப் போகத் தொடங்கினவ. அவன் படித்து, வேலை எடுத்து, கலியாணம் கட்டி, பிள்ளையும் பெற்ற பிறகும் அந்த இரவு வேலையை விடாதவ. இருபது வருசம். பகலில் பேஸ்மென்றில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பா. மேலே நாலு வயது அக்சரா ஓடினால் கீழேயிருந்து தும்புத்தடியால் முகட்டில் இடிப்பா.

"மேல என்ன, குதிரையே கட்டி வளக்கிறியள்?"

துஷியும் விடமாட்டாள். "ஓம் மச்சாள், இன்னொண்டுக்கும் சொல்லி வச்சிருக்கு!" என்று படியில் நின்று கத்துவாள். இருவருக்கும் இடையில் பாசம் என்று இருந்தது இந்தச் சண்டைதான். சண்டை பிடிக்க ஆளில்லாமல் போன பிறகுதான் துஷிக்கு அது விளங்கியது.

தவமக்காவின் பதினொரு பருத்திச் சீலைகள் ஒரு சூட்கேசில் கிடந்தன. கடைத்தெருவில் வேண்டாத உடுப்பைத் தருமத்துக்குப் போடுகிற இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. துஷி இரண்டு தரம் சூட்கேசை இழுத்துக்கொண்டு போய், இரண்டு தரமும் திருப்பி இழுத்துக்கொண்டு வந்தாள். விசயம் தெரியாத எந்தச் சீவனோ அதை வாங்கி உடுத்துக்கொண்டு திரியுமே என்று அவளுக்குக் கை வரவில்லை.

இனி அந்தச் செவ்வரத்தை, அதுதான் செம்பருத்தி. ஆறு வருசத்துக்கு முன்னம், கடைக்காரன் எறிகிற விலைக்கு வைத்திருந்த ஒரு காய்ந்த குச்சியைத் தவமக்கா தூக்கிக்கொண்டு வந்து வாசற்படிக்கு இடது பக்கத்தில் நட்டா. அது தோளளவு வளர்ந்து, சாப்பாட்டுக் கோப்பை அளவில் சிவப்பாகப் பூத்தது. முதற்பூவைப் பார்த்த ஆறாம் நம்பர் வீட்டு இந்துமதியக்கா, "இதென்னடி தவம், செவ்வரத்தையோ, செவ்வரத்தைக்கு வீக்கமோ?" என்று கேட்டா. குளிர் வரும்போது அதைத் தவமக்கா என்ன செய்தா என்று ஒருவருக்கும் தெரியாது. விடியற்காலை வேலையால் வந்து, தோளில் போட்ட பையைக் கழற்றாமலே, குனிந்து நின்று என்னவோ செய்வா. மற்றவர்கள் எழும்பி வரும்போது அவ கீழே படுத்திருப்பா. அடுத்த வருசம் செடி திரும்ப நிற்கும். திரும்ப நிற்கிற ஒன்றைப் பற்றி யார்தான் கேள்வி கேட்கிறார்கள்?

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள், நாளைக்கு உறைபனி விழும் என்று வானொலியில் சொன்னார்கள். செடி இன்னும் பச்சையாக, மூன்று மொட்டோடு நின்றது. துஷி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். குளிர் வந்தால் போர்க்கவேண்டும்; இதற்கென்ன படிப்பு வேண்டிக்கிடக்கிறது? உடனே சூட்கேஸ் நினைவுக்கு வந்தது. ஒரே அலுவலில் இரண்டு பாரம் இறங்கும் என்று சந்தோசப்பட்டு, பதினொரு சீலையையும் எடுத்து, செடியைச் சுற்றி, சுற்றி, சுற்றி, நைலோன் கயிற்றால் கட்டி, கடைசிச் சீலையை மேலே முக்காடாகப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்தநாட் காலை அக்சராவைப் பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு கதவைத் திறந்தபோது, வாசற்படிக்கு இடது பக்கத்தில் தவமக்கா குந்தியிருந்தா.

"ஆரடி என்ர நாவல் நிறச் சீலையை அடியில போட்டது?" என்றா. "மண் பிரளுமெண்டு தெரியாதே?"

துஷிக்கு முதலில் வந்தது பயமில்லை, வெட்கம்; கொடியில் காய்ந்ததை மடிக்காமல் விட்டுப் பிடிபட்டவள் மாதிரி. "மாத்திக் கட்டட்டோ மச்சாள்?" என்றாள். அக்சரா, "மாமி, நீங்க செத்தெல்லோ போனீங்க?" என்றாள். "அதுக்கென்ன இப்ப, உனக்கு பஸ் வருது, ஓடு" என்றா தவமக்கா.

முகம் தவமக்காவின் முகந்தான். கழுத்துக்குக் கீழே சீலைகளுக்குள் என்ன இருந்ததென்று ஒருவரும் பார்க்கவில்லை, ஆனால் காற்று வீசும்போது உள்ளேயிருந்து இலைகள் உரசுகிற சத்தம் கேட்டது. கண்கள் இமைக்கவேயில்லை.

முதல் நாள் வளைவு முழுக்க வந்து பார்த்தது. இரண்டாம் நாள் பாதிப் பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் வேலைக்குப் போகிறவர்கள், "என்ன தவமக்கா, பாடு எப்படி?" என்று கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்கள், அவவும், "பாத்துப் போங்கோ, வழுக்கும்" என்றா. கடிதம் கொண்டுவருகிற வெள்ளைக்காரப் பெண் துஷி வீட்டுக் கடிதங்களை அவவின் மடியில் வைத்துவிட்டுப் போகப் பழகினாள். ஊரில் கிராமசேவகராக இருந்து, இங்கே எல்லாருக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்கிற பரராசசிங்கம் அண்ணை, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்து, மரணச் சான்றிதழை ரத்துச் செய்ய இந்த நாட்டில் ஒரு படிவமும் இல்லை, ஆனபடியால் நாங்களாக ஒன்றும் கிளறாமல் இருப்பதுதான் புத்தி என்றார். எல்லாரும் அது நியாயம் என்றார்கள்.

ஒரேயொரு விசயந்தான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. யார் போய்க் கேட்டாலும் தவமக்கா ஒன்றையே சொன்னா.

"குளிருதோ அக்கா?"

"நித்திரை வரேல்லை."

"குளிரிலதான் வரேல்லைப்போல. பொறுங்கோ, வாறன்."

இந்துமதியக்கா தன் கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து போர்த்தா. பரராசசிங்கம் அண்ணை தன் பழைய ஓவர்கோட்டைப் போர்த்தார். நாலாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், தமிழ் தெரியாத பன்னிரண்டாம் நம்பர், இப்படிப் பல வீட்டாலும் வந்தது. ரூபன் தினமும் வேலையால் வந்து, உள்ளே போக முன்னம், தன்னுடையது எதையாவது கழற்றிப் போர்த்தான். கார்த்திகை முடிய, தவமக்கா வாசலில் ஒரு வைக்கோற்போர் அளவுக்கு இருந்தா. பனி கொட்டினது, ஆனால் அவவின்மேல் நிற்கவில்லை, உருகி ஓடியது. போர்வைகளுக்கு நடுவால் ஒவ்வொரு காலையும் ஒரு சிவப்புப் பூ தலையை நீட்டும், பொழுதுபடச் சுருண்டு விழும். மூன்று மொட்டோடு கட்டின செடி முப்பது பூப் பூத்ததை ஒருவரும் எண்ணவில்லை. சாமிப்படத்துக்கு வைக்க எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

பிறகு வீடுகளில் சூடு குறையத் தொடங்கியது.

இந்துமதியக்காவின் தோசை மா மூன்று நாளாகப் புளிக்கவில்லை. பரராசசிங்கம் அண்ணையின் தேத்தண்ணி, வாய்க்குப் போக முன்னம் ஆறியது. ஹீற்றர் பார்க்க வந்தவன், எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, தன் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு போனான். யார் யார் போர்வை கொடுத்தார்களோ அந்தந்த வீட்டில் மட்டும் இந்தக் குளிர் இருந்தது. அது எல்லாருக்கும் விளங்கியும் இருந்தது. ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது என்ன மாதிரிப் பழக்கம் என்று வாயைத் திறக்காமல், வீட்டுக்குள்ளே சப்பாத்தோடும் கோட்டோடும் இருந்தார்கள். "அதுவும் செத்தவவிட்டை" என்றா இந்துமதியக்கா.

துஷியும் அப்படித்தான் இருந்தாள், அக்சரா தன் யானைப் போர்வையைக் கொண்டுபோய் மாமிக்குப் போர்த்தின நாள்வரைக்கும்.

பிறந்த நாளிலிருந்து அவள் கட்டிப்பிடித்துப் படுத்த, யானைப் படம் போட்ட போர்வை அது. அடுத்தநாள் பிள்ளையின் பாதம் கிணற்றடிக் கல்லு மாதிரிச் சில்லிட்டிருந்தது. அதற்கடுத்த நாள் வகுப்பில் தூங்கி விழுந்தாளென்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பினார்கள். உடம்புச் சூடு முப்பத்தைந்து, பிறகு முப்பத்துநாலரை. வைத்தியசாலையில் ஒருநாள் வைத்துச் சூடேற்றி, எல்லாம் சரி என்று அனுப்பினார்கள்; கார் வளைவுக்குள் திரும்பினதுந்தான் தாமதம், பிள்ளையின் கன்னம் திரும்ப வெளிறியது. சாப்பாடு வேண்டாமென்றாள், விளையாட்டு வேண்டாமென்றாள். "நித்திரை வருதம்மா" என்றாள். தலைமயிரில் ஈரமண் மணத்தது.

அன்று பின்னேரம் துஷி ரூபனைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, பிள்ளையின்ர போர்வையை மட்டுமாவது எடுக்கப் போறன்."

"அதைக் கழட்டினா அக்காவுக்குக் குளிருமெல்லோ."

"பிள்ளைக்குக் குளிருது! பெத்த பிள்ளைக்கு!"

ரூபன் முகத்தைத் துடைத்தான். "நான் யோசிச்சிட்டன் துஷி. அக்காவை உள்ளுக்கு எடுப்பம். அடி வேரோட கிண்டி, ஒரு பெரிய வாளிக்குள்ள வச்சு, ஹீற்றருக்குப் பக்கத்தில விட்டா ஆரின்ர போர்வையும் தேவையில்லை. கறிவேப்பிலைக் கண்டை நாங்கள் ஒவ்வொரு வருசமும் உள்ளுக்கு எடுக்கேல்லையே? சனிக்கிழமை விடியக் கிண்டுவம்."

இருபது வருசமாக அவனைப் போர்த்து வளர்த்த அக்காவை அவன் பனியில் விடமாட்டான் என்பது துஷிக்குத் தெரியும். உள்ளே எடுத்தால் பிள்ளை என்னவாகும் என்பதுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை விடிய ரூபன் மண்வெட்டியோடு இறங்கினான். புல்லுத்தரையில் ஒரு தரம் போட்டுப் பார்த்தான், கல்லில் பட்டது மாதிரி மண்வெட்டி துள்ளியது. தவமக்காவின் காலடியில் போட்டான்; அது பிட்டு மாவுக்குள் போனது மாதிரி இறங்கியது. அந்த மண்ணிலிருந்து ஆவி பறந்தது. உலகமெல்லாம் இறுகிக் கிடக்க, இந்த ஒரு இடத்து மண் மட்டும் ஏன் இப்படி இளகிக் கிடக்கிறது என்று துஷி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்போது அவளுக்கு அக்சரா பிறந்த மாசம் ஞாபகம் வந்தது. பிள்ளை நாளும் பொழுதும் கத்தினது, குளிருதாக்கும் என்று ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சுற்றினது, சுற்றச் சுற்ற இன்னும் கத்தினது, கடைசியில் ஒரு தாதி வந்து பிள்ளையின் பிடரிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தது. கை, கால், கன்னம் எல்லாம் பொய் சொல்லும். பிடரி சொல்லாது.

துஷி கையுறையைக் கழற்றினாள். கோட்டு, சால்வை, கம்பளி, சீலை எல்லாவற்றையும் விலக்கி விலக்கி, தோள்மூட்டுவரைக்கும் கையை உள்ளே விட்டாள். தவமக்காவின் பிடரி தொப்பலாக நனைந்திருந்தது.

"மச்சாள்! உங்களுக்கு வேர்த்து ஒழுகுது!"

"இப்பவாவது ஒருத்தி பாத்தாளே" என்றா தவமக்கா. "குளிருதோ, குளிருதோ எண்டு கேட்டியளே தவிர, ஏன் நித்திரை வரேல்லை எண்டு ஒரு குருவியாவது கேட்டுதோ? மண் இறுகினாத்தான் எனக்குக் கண் மூடும். நீங்கள் இறுக விட்டாத்தானே! இருபது வருசம் முழிச்சது காணாதெண்டோ, செத்தும் முழிக்க வைக்கிறியள்?"

ரூபனின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது.

"அக்கா, பனிக்குள்ள..."

"பனிதானடா வேணும். போர்வை சூட்டுக்கில்லை. உறைஞ்சது உறைஞ்சபடி கிடக்கத்தான் பிறகு மூடுறது. முதல்ல உறையவேணும்."

துஷி கழற்றத் தொடங்கினாள். ஓவர்கோட்டை எடுத்துப் பரராசசிங்கம் அண்ணையைக் கூப்பிட்டாள். அவர், "சும்மா கிடந்ததுதானே பிள்ளை, அவசரமில்லை" என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்து வாங்கினார். சால்வைகள் போயின, கம்பளிகள் போயின. வாங்கினவர்கள் வெட்கத்தோடு அங்கேயே நின்றார்கள். ஒவ்வொன்றும் போய்ச் சேரச் சேர, அந்தந்த வீட்டுக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. ரூபனின் உடுப்புகள் ஒரு குவியலாகின. சீலைகள் பதினொன்றும் அவிழ்ந்தன. நாவல் நிறச் சீலை கடைசியாக வந்தது. எல்லாம் வந்தன, யானைப் போர்வையைத் தவிர.

அது வரவில்லை. உள்ளே நின்ற பச்சைத் தண்டுகள் அதன் நூலுக்குள்ளால் நூலாகப் புகுந்து வளர்ந்திருந்தன. எது துணி, எது இலை என்று பிரிக்க முடியவில்லை. இழுத்தால், வீட்டுக்குள்ளே படுத்திருந்த பிள்ளை முனகினது கேட்டது.

"இழுக்காத" என்றா தவமக்கா. போர்வைகள் போனபிறகு அவவின் முகம் இலைகளுக்கு நடுவில் கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. "வெட்டவேணும். தண்டை வெட்டு, துணி தன்பாட்டில விடும். தம்பி வெட்டட்டும்."

"நான் மாட்டன்" என்றான் ரூபன்.

"சுடலையில என்னை எரிக்கச் சுவிச்சை அமத்தினது நீதானே? அதுக்கு அழுதழுதெண்டாலும் அமத்தினனியெல்லோ? இதுவும் உன்ர வேலைதான். கத்தரி எங்க?"

துஷி குசினிக்கு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதென்ன, கோழி வெட்டிற கத்தரியோ? கழுவினியளோ?"

"கழுவினது மச்சாள்."

"நல்லாக் கழுவி இருக்கமாட்டாய். சரி, தா அவனிட்டை. அரைச்சாண் விட்டு வெட்டடா. ஒட்ட நறுக்கிப் போடாத, பிறகு எங்க கிடக்கிறன் எண்டு தெரியாமல் உழக்குவியள்."

ரூபன் முழங்காலில் நின்றான். கன்னத்தால் வழிந்தது தாடியில் உறைந்தது. முதல் தண்டை வெட்டியபோது காற்றில் சூடான பாண் மணம் வந்தது, இரண்டாவதை வெட்ட, தவமக்காவின் குரல் கொஞ்சம் கீழே இறங்கியது, மூன்றாவது, நாலாவது, ஒவ்வொரு வெட்டுக்கும் அவ ஒரு படி கீழே இறங்கிப் போகிறவ மாதிரி, "ஓம், அப்பிடித்தான்... ஓம்... மற்றது..." என்று சொல்லிச் சொல்லித் தாழ்ந்தா. கடைசித் தண்டோடு யானைப் போர்வை கழன்று துஷியின் கையில் விழுந்தது. வாசலில் மிஞ்சியது அரைச்சாண் உயரத்தில் எட்டுக் குச்சிகள். முகத்தை எந்த வெட்டோடு இழந்தோம் என்று நின்றவர்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

துஷி போர்வையோடு உள்ளே ஓடினாள். பிள்ளை புரண்டு படுத்து, கண்ணைத் திறந்து, "பசிக்குதம்மா" என்றாள். மூன்று தோசை தின்றாள். இந்துமதியக்காவின் மா அன்றைக்குத்தான் பொங்கியிருந்தது.

ஆனால் வேலை முடியவில்லை. மூன்று இரவும் மூன்று பகலும் அந்தக் குச்சிகள் வெறுமையாக நிற்கவேண்டியிருந்தது, மேலே ஒரு இலைகூட இல்லாமல், கழியக் கழியக் கூடுகிற குளிரில். ரூபன் சன்னலடியைவிட்டு எழும்பவில்லை. ஒரு தரம் கோட்டைத் தூக்கிக்கொண்டு கதவுவரைக்கும் போனான், துஷி குறுக்கே நின்றாள், அவன் அவளுடைய தோளில் முகத்தை வைத்துச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். வளைவில் போகிறவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் போனார்கள். கடிதக்காரப் பெண் ஒரு கணம் நின்று, மடியைத் தேடி, பிறகு பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனாள்.

நாலாம் நாட் காலை துஷி மண்ணைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது.

பக்கத்து வீடுகளில் கடதாசிப் பைகளுக்குள் மிஞ்சிக் கிடந்த காய்ந்த மேப்பிள் இலைகளை எல்லாரும் கொண்டுவந்தார்கள். துஷி கைநிறைய அள்ளி, குச்சிகளைச் சுற்றி, அமத்தாமல், காற்றுப் போகக்கூடியதாக, ஒரு முழத்துக்குக் குவித்தாள். காற்று அள்ளாமலிருக்க வேலியோரத்து மிலாறுகளை, காய்ந்த சுள்ளிகளை, மேலே வைத்தாள். கடைசி மிலாறை வைக்கக் குனிந்தபோதுதான், இலைகளுக்கு அடியிலிருந்து, பாதி நித்திரையில் கதைக்கிறவரின் குரல் போல, அது வந்தது. ரூபனுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் கேட்டது.

"துஷி."

"சொல்லுங்கோ மச்சாள்."

"வைகாசியில எல்லாருடைய செடியும் துளிர்த்துப்போடும். என்னில ஒண்டும் வராது. செத்துப்போச்செண்டு தம்பி மண்வெட்டியோட வருவான். ஆனி கழியும் மட்டும் கிண்டிப் பாக்க விடாத."

"விடமாட்டன்."

துஷி, கண் மூடிவிட்டது போலும் என்று நினைத்து, மெல்ல நிமிரப் போனாள்.

"பிள்ளை, இன்னொண்டு. துளிர் வந்தா, தண்ணி ஊத்துங்கோ, பூத்தாப் பிடுங்கிச் சாமிக்கு வையுங்கோ. ஆனா அதுக்குக் கிட்ட நிண்டு என்ர பேரைச் சொல்லி மட்டும் கூப்பிட்டுப் போடாதேங்கோ."